பாடம் எது என்று யார் சொல்வது?

விருதுநகர் வியாபாரிகள் விற்ற சரக்குக்கு இவ்வளவு என்று மகமை எடுத்து வைத்துப் பள்ளிக்கூடம் நடத்தியவர்கள். பிறகு கல்லூரிகளும் வந்தன. 1947-ல் விருதுநகரில் செந்திக்குமார நாடார் கல்லூரி. 1963-ல் சிவகாசியில் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி. சர்க்கார் வந்து கட்டித் தரட்டும் என்று காத்திருக்காத சீமை இது. பணம் கொடுத்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

ஆனால் கட்டிடம் கட்டுவது ஒரு காரியம். அதற்குள் என்ன பாடம் நடத்துவது என்பது வேறு காரியம்.

பக்கத்துத் திருநெல்வேலியில் நடந்ததைப் பாருங்கள். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக் கழகத்தின் எம்.ஏ. ஆங்கில வகுப்புக்கு, அருந்ததி ராயின் 'வாக்கிங் வித் த காம்ரேட்ஸ்' 2017 முதல் பாடமாக இருந்தது. மாவோயிஸ்டுகளோடு காட்டில் சுற்றிய அனுபவத்தைச் சொல்லும் நூல் அது. 2020 நவம்பரில் ஏ.பி.வி.பி. மாணவர் அமைப்பு ஆட்சேபித்தது. துணைவேந்தர் குழுவைக் கூட்டினார். நூல் போயிற்று, அந்த இடத்துக்கு எம். கிருஷ்ணனின் இயற்கைக் கட்டுரைகள் வந்தன.

கிருஷ்ணன் அருமையான எழுத்தாளர்தான். அவர்மேல் யாருக்கு என்ன கோபம்? அருந்ததி ராயின் அபிப்பிராயம் சரியா, தப்பா என்பதும் இங்கே வழக்கல்ல. ஒரு நூலைப் பாடமாக வைக்கப் பாடக்குழு, கல்விக்குழு என்று பல படி ஏற வேண்டும். எடுப்பதற்கு மட்டும் வெளியிலிருந்து ஒரு கடிதம் போதும் என்றால், அந்தப் படிகள் எதற்கு?

இன்று நெல்லையில் ஆங்கில நூல். நாளை சிவகாசியில் வேதியியலாக இருக்கலாம். பட்டாசுக்குப் பச்சை நிறம் தரும் பேரியம் உப்புக்கு உச்ச நீதிமன்றம் 2018-ல் தடை போட்டது. பேரியம் புகை மூச்சுக்குள் போனால் என்ன ஆகும் என்று கந்தக பூமியிலேயே ஓர் ஆசிரியர் ஆராய்ந்து எழுத வேண்டாமா? முடிவு தொழிலுக்கு அனுகூலமாக வரலாம், பாதகமாகவும் வரலாம். எப்படி வந்தாலும் மறுநாள் வேலை இருக்கும் என்ற தைரியம் அவருக்கு வேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1976-ம் வருஷத்துத் தனியார் கல்லூரிகள் சட்டப்படி, அதிகாரியின் முன் அனுமதி பெறாமல் ஆசிரியரை நீக்கக் கூடாது. ஆனால் ஒப்பந்தச் சம்பளத்தில், வருஷா வருஷம் நிர்வாகத்தின் முகத்தைப் பார்த்து நிற்கும் சுயநிதிப் பிரிவு ஆசிரியர் சட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்கு ஓடுவாரா, குழந்தையின் பள்ளிச் சம்பளத்தைக் கட்டுவாரா?

தன்னாட்சிக் கல்லூரிகளின் ஆட்சிமன்றத்துக்கு யு.ஜி.சி. 2018-ல் விதி வகுத்தபோது, தனியார் கல்லூரிகளில் நிர்வாகத்துக்கு ஐந்து நாற்காலி போட்டது, ஆசிரியர்களுக்கு இரண்டு. அந்த இருவரையும் சீனியாரிட்டி பார்த்து நியமிப்பவர் முதல்வர்! சக ஆசிரியர்கள் ஓட்டுப் போட்டு அனுப்பினால் என்ன குடி முழுகிவிடும்?

நிர்வாகஸ்தர்கள் கணக்கைப் பார்க்கட்டும், கட்டிடத்தைப் பார்க்கட்டும். பாடத்தைப் பற்றிப் புகார் வந்தால் பாடக்குழுவுக்கு அனுப்பட்டும். அந்த நூலை வகுப்பில் நடத்தியவரைக் கூப்பிட்டுக் கேட்டு, நீக்குவதானால் காரணத்தை எழுத்தில் கொடுக்கட்டும்.