42 என்றால் 1942 இல்லை சாமி!

பழைய ஜெர்மன் ராணுவத் துப்பாக்கி விற்கிற சிலரின் அலப்பறை தாங்கலை. ஒரு எண் கண்ணில் பட்டால் போதும், அதுதான் தயாரித்த வருஷமாம்!

லூகர் பி08 கைத்துப்பாக்கியையே எடுத்துக்கோங்க. மேலே மடங்குகிற மூட்டில் '42' என்றிருந்தால் அது வருஷமே இல்லை, மௌசர் தொழிற்சாலையின் ரகசியக் குறியீடு. வருஷம் தோட்டா அறையின் மேல் இருக்கும். 1941-ல் மூட்டில் 'பிஒய்எஃப்' என்று குறியீடு மாறியது. அந்தத் துப்பாக்கிகளில் அறை மேல் '42' இருந்தால் அது நிஜமாகவே 1942. எண் ஒன்று, இடம் வேறு, அர்த்தம் வேறு!

'1920' கதையும் இப்படித்தான். அவற்றில் பல, முதல் உலகப்போர் முடிவதற்குள் செய்தவை. அரசுச் சொத்து என்று 1920-ல் முத்திரை குத்தினார்கள், அவ்வளவுதான்.

"வருஷம் மாறினா என்னப்பா போச்சு?" என்பீர்கள். வாங்குகிறவன் காசு போச்சு. அதைவிட, சாட்சியே போச்சு. 1934-ல் வருஷத்துக்குப் பதில் 'கே' என்ற எழுத்தைக் குத்தினார்கள். வெர்சாய் ஒப்பந்தத்தை ஏய்த்து ஆயுதம் சேர்த்த காலம் அது. அந்த ஒற்றை எழுத்து ஒரு நாட்டின் கள்ளக்கணக்கு!

ஒரே வவுச்சரைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற ஆடிட்டரை நம்புவீர்களா? அப்புறம் ஒரே முத்திரையைக் காட்டி விலை சொல்கிறவரை மட்டும் ஏன் நம்பணும்?