பாடிய சொல்லுக்குக் கட்டுப்பட்ட நெஞ்சம்

ஞாயிறுதோறும் நம் தேவாலயங்களில் எழும் பாட்டில் பக்தி குறைந்துவிட்டதென்று முதியோரும், கண்ணீரும் கைத்தட்டலும் பெருகியிருக்க அவ்வாறு சொல்வது எங்ஙனம் தகும் என்று இளைஞரும் வாதிடுகின்ற இந்நாளில், பாட்டில் உண்மை என்பது யாது என்பதை முதலில் தெளிந்துகொள்வது நலம். உணர்ச்சியின் மிகுதியை உண்மைக்கு அளவாகக் கொள்வோர் எளிதில் ஏமாந்துபோவர். பாடிய சொல்லுக்குத் தன்னை உட்படுத்தச் சம்மதிக்கும் மனமே ஆராதனைக்குரிய மனம் என்பது என் துணிபு.

இக்கவலை இன்று பிறந்ததன்று. கி.பி. 400ஐ ஒட்டி எழுதிய தமது சுயசரிதையில் புனித அகுஸ்தீனார், பாடப்படும் பொருளைக் காட்டிலும் பாடும் குரலே தம்மை உருக்கிய வேளைகளைக் குற்றமென்றே எண்ணி வருந்தினார். ஆயினும், மனந்திரும்பிய புதிதில் சபையின் பாட்டைக் கேட்டுத் தாம் சிந்திய கண்ணீரை நினைந்து, சங்கீதத்தை அடியோடு விலக்கவும் அவர் ஒப்பவில்லை. 1761ஆம் ஆண்டில் பாடுவோர்க்கு விதிகள் வகுத்த மெதடிஸ்ட் இயக்கத் தலைவர் ஜான் வெஸ்லியும், சபையார் அனைவரும் பாடவேண்டுமென வற்புறுத்தி, ஒலியின் இன்பம் பொருளிலிருந்து மனத்தைக் கவர்ந்துசெல்லாதபடி காக்கவேண்டும் என்பதையே முடிவான விதியாக வைத்தார்.

நம் நாட்டில், மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரின் ஆதரவில் வளர்ந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864), பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் நமக்குரிய அமைப்பிலேயே கிறிஸ்தவக் கீர்த்தனைகளை இயற்றித் தந்தார். சரணந்தோறும் பல்லவிக்கு மீள்கின்ற அம்முறையினால், எழுத்தறியாத மூதாட்டியும் சொற்களைத் தம் நெஞ்சில் பதித்துக்கொள்ள முடிந்தது. ஆனால் அதே மீளல், கருத்தில்லாத நாவுக்கு வெறும் பழக்கமாகவும் ஆகிவிடக்கூடும். ஆகவே குறை பழைய கீர்த்தனையிலும் இல்லை, புதிய மெட்டிலும் இல்லை. பாடுகிறவனுடைய சிரத்தையில்தான் இருக்கிறது.

உள்ளத்தில் உவகை இல்லாதபோது துதிப்பாட்டைப் பாடுவது பாசாங்கு ஆகாதா என்று கேட்கலாம். ஆகாது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயொருத்தி, நம்பிக்கையைச் சொல்லும் ஓர் அடியைத் தழுதழுத்த குரலில் பாடுவாளாயின், அது அவள் அடைந்துவிட்ட நிலையின் பிரகடனம் அன்று. அடையவேண்டி அவள் செய்யும் பிரார்த்தனை. தன்னையே அர்ப்பணிப்பதாக உரக்கப் பாடிவிட்டு, வேலையாளின் கூலியைக் குறைத்துக் கொடுப்பவனுடைய பாட்டே பொய்ப்பாட்டு. நியாயம் செத்த தேசத்தின் பாட்டை இறைவன் இரைச்சலென வெறுக்கிறார் என்று ஆமோஸ் தீர்க்கதரிசி முழங்கியதும் இதன்பொருட்டே.

சபைகளை நடத்துவோர் செய்யத்தக்கவை சில உண்டு. பாட்டுகளின் எண்ணிக்கையைக் குறைத்து, பாடுமுன் அவற்றின் சொற்களை நிதானமாக வாசிக்கச் செய்க. அருகிலிருப்பவர் குரல் காதில் விழுமளவுக்கு ஒலிபெருக்கியைத் தாழ்த்துக. பாடகர் குழு சபைக்குத் துணையாக நிற்கட்டும், சபைக்குப் பதிலாகப் பாடவேண்டாம். எஞ்சியது பாடுகிறவருடைய பொறுப்பு: தாம் பாடிய அடிகளுள் ஒன்றையேனும் அந்த வாரத்துக்குள் செயலில் நிறைவேற்ற முயலும் கிறிஸ்தவருக்கு, தம் பாட்டு உண்மையா என்று பிறரிடம் கேட்கவேண்டிய அவசியம் நேராது.