கிருமி தின்னும், ஆனா எல்லாத்தையும் இல்ல

கட்டுகஸ்தோட்டைக்குப் பக்கத்துல கொஹாகொட. கண்டி நகரத்துக் குப்பை பல வருசமா மகாவலிக் கரையோரம் மலையாக் குவிஞ்ச இடம். மழை பெஞ்சா அதுக்குள்ளால ஊறி வாற கறுப்புத் தண்ணி ஆத்துப் பக்கம்தான் போகும்.

“பக்டீரியா விட்டா சுத்தமாகிடும்தானே?” என்று கேட்கிறார்கள். பாதி சரி. 1989இல் எக்ஸான் வால்டிஸ் கப்பல் அலாஸ்காவில் எண்ணெயைக் கொட்டியபோது, கரையில் ஏற்கெனவே இருந்த பக்டீரியாக்களுக்கு நைதரசனும் பொசுபரசும் கலந்த உரம் போட்டார்கள். அவை பெருகி, எண்ணெய் சிதைவதை வேகப்படுத்தின. அழுகிய சாப்பாட்டுக் கழிவும் கராஜ் எண்ணெயும் அப்படித்தான். காற்றும் நேரமும் கிடைத்தால் நுண்ணுயிர் தின்றுவிடும்.

ஆனால் பழைய பற்றரியில் இருக்கிற ஈயமும் கட்மியமும்? அவை தனிமங்கள். எந்தக் கிருமியாலும் அவற்றைச் சிதைக்க முடியாது. பிடித்துவைக்கலாம், வடிவத்தை மாற்றலாம், அவ்வளவுதான்.

மிச்சச் சோறையும் பற்றரியையும் ஒரே பையில கட்டிப் போட்டுட்டு விஞ்ஞானம் பாத்துக்கும்னு இருந்தா, தின்னக்கூடிய கழிவும் விசமாகிடும். பிறகு அதைப் பசளையாக்கவும் ஏலாது. அதனால பற்றரி, பல்ப், பெயின்ட் பேணியை வீட்டுலயும் கராஜிலயும் தனியா வைப்போம். தனியா எடுக்கச் சொல்லி மாநகர சபையிடமும் கேட்போம். கிருமிக்கு வேலை கொடுக்கிறதுக்கு முதல், அதால செய்யக்கூடிய வேலையைப் பிரிச்சுக் கொடுக்கணும்.