அப்பா கொடுத்த பெட்டி

"அதெல்லாம் பொம்பளைங்க செய்யற வேலை இல்லேம்மா." இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்காத பெண் நம்மில் யாராவது உண்டா, சகோதரிகளே? நியூயார்க்கில் ஒன்பது வயசுச் சிறுமி ஒருத்தியும் கேட்டாள். சொன்னது வேறு யாருமில்லை, அவளுடைய வயலின் டீச்சர்!

சிறுமியின் பெயர் மரின் ஆல்ஸப். பிறந்தது 1956-ல். அப்பா வயலின், அம்மா செல்லோ; இருவருமே நியூயார்க் சிட்டி பாலே ஆர்க்கெஸ்ட்ராவில் வாசித்தவர்கள். ஒருநாள் அப்பா அவளை லெனர்ட் பெர்ன்ஸ்டைன் நடத்திய கச்சேரிக்கு அழைத்துப் போனார். அவரைப் பார்த்ததுமே, 'நானும் கண்டக்டர்தான் ஆவேன்' என்று தீர்மானித்துவிட்டாள். (டிக்கெட் கிழிக்கிற கண்டக்டர் இல்லீங்க! கையில் சின்னக் கோலோடு முன்னால் நின்று, அத்தனை வாத்தியங்களையும் ஒன்றாக இழுத்துப் பிடிப்பவர்.)

டீச்சர் சொன்னதை வீட்டுக்கு வந்து சொன்னாள். மறுநாள் காலை சாப்பாட்டு மேஜையில் ஒரு நீளப் பெட்டி. திறந்தால், உள்ளே நிறைய கண்டக்டர் கோல்கள்! அப்பாவின் பதில் அதுதான்.

கோல் கிடைத்தால் போதுமா, மேடை வேண்டாமா? ஜூலியார்டில் வயலினில் பட்டமும் மேல்பட்டமும் வாங்கினார். கண்டக்டர் படிப்புக்கு மனுப் போட்டால் இடமில்லை. பிழைப்புக்கு ஆர்க்கெஸ்ட்ராக்களில் வயலின் வாசித்தார். கடைசியில், 'யாரும் கூப்பிடாவிட்டால் என்ன, நாமே ஆரம்பிப்போம்' என்று 1984-ல் கன்கார்டியா என்ற ஆர்க்கெஸ்ட்ராவைத் தொடங்கினார். பிறகு அதே பெர்ன்ஸ்டைனிடமே பாடம் கேட்கும் பாக்கியமும் வாய்த்தது.

2005-ல் பால்டிமோர் சிம்பொனி அவரைத் தலைமைக்குத் தேர்ந்தெடுத்தபோது, வாத்தியக்காரர்களில் பெரும்பாலோர் பகிரங்கமாக ஆட்சேபித்தார்கள். அவர் ஓடி ஒளியவில்லை. நேரே போய் அவர்களிடமே பேசினார். 2007-ல் பொறுப்பேற்றார். அமெரிக்காவின் பெரிய ஆர்க்கெஸ்ட்ரா ஒன்றுக்குத் தலைமையேற்ற முதல் பெண்! 2021 வரை, 14 வருஷம் நடத்தினார்.

எனக்கு மனசு நிறைந்தது இனிமேல் சொல்லப்போவதில்தான். தமக்குக் கிடைத்த மக்ஆர்தர் பரிசுப் பணத்தில் ஒரு லட்சம் டாலரை எடுத்து வைத்து, 2008-ல் பால்டிமோரின் ஏழைப் பகுதிப் பள்ளி ஒன்றில், 30 குழந்தைகளோடு 'ஆர்க்கிட்ஸ்' என்ற இசைத் திட்டத்தை ஆரம்பித்தார். பள்ளி விட்டதும் வாத்தியப் பயிற்சி. கூடவே சாப்பாடு, பாடத்தில் உதவி. வயிறு காய்ந்தால் வாத்தியம் ஏறுமா? அந்த 30 பேர் பிற்பாடு ஆயிரத்துக்கு மேல் பெருகினார்கள். 2017-ல் அமெரிக்க தேசிய இளைஞர் ஆர்க்கெஸ்ட்ராவையும் லத்தீன் அமெரிக்க நாடுகளுக்கு அழைத்துப் போய் நடத்தினார்.

அந்த டீச்சர் கெட்டவர் இல்லை. தாம் கண்டதைச் சொன்னார், அவ்வளவுதான். அப்பா, மகள் காண விரும்பியதைப் பார்த்தார்.

நாளைக்கு உங்கள் பெண் ஏதாவது ஒரு விநோத ஆசையோடு வந்து நின்றால், 'உனக்கு எதுக்கடி இதெல்லாம்?' என்று வாய் திறக்குமுன் ஒரு நிமிஷம் பொறுங்களேன். அது ஸ்க்ரூ டிரைவரோ, மிருதங்கமோ, ஒரு பெட்டியில் போட்டுக் காலையில் மேஜைமேல் வையுங்கள். மிச்சத்தை அவள் பார்த்துக்கொள்வாள்!