மனிதர்களில் 15, விலங்குகளில் 600: நரம்புச் சிலந்தி ஏன் இன்னும் ஒழியவில்லை?

2024-ம் ஆண்டு முழுக்க, உலகம் முழுவதிலும் நரம்புச் சிலந்தி நோய் வந்த மனிதர்கள் வெறும் 15 பேர். 1986-ல் இது சுமார் 35 லட்சம். இந்த நோய்க்குத் தடுப்பூசி கிடையாது, குணப்படுத்தும் மருந்தும் கிடையாது. அப்படியிருந்தும் இவ்வளவு தூரம் குறைத்திருக்கிறார்கள் என்றால், அது லேசுப்பட்ட சாதனை இல்லை.

ஆனா, அதே 2024-ல் 600-க்கும் மேற்பட்ட விலங்குகளில் இந்தப் புழு கண்டறியப்பட்டது. பெரும்பாலானவை நாய்கள். கோட்டை எட்டப்போகும் நேரத்தில் ஆட்டம் மாறிப்போனது இங்கேதான்.

நரம்புச் சிலந்தின்னா என்ன?

பெயரில் சிலந்தி இருந்தாலும் இது எட்டுக்கால் பூச்சி இல்லை. கினி புழு என்று உலகம் அழைக்கும் ஓர் ஒட்டுண்ணி. குளம், குட்டை நீரில் வாழும் சைக்ளாப்ஸ் என்ற மிக நுண்ணிய உயிரிக்குள் இதன் லார்வா இருக்கும். அந்தத் தண்ணீரை வடிகட்டாமல் குடித்தால் லார்வாவும் உடலுக்குள் போய்விடும்.

அடுத்த ஓராண்டுக்கு எந்த அறிகுறியும் தெரியாது. பிறகு, 1 மீட்டர் நீளம் வரை வளர்ந்த பெண் புழு, பெரும்பாலும் காலில் கொப்புளத்தை உண்டாக்கி வெளியே வரும். எரிச்சல் தாங்காமல் காலைத் தண்ணீரில் வைத்தால் போதும், புழு லார்வாக்களை அங்கேயே கொட்டிவிடும். அடுத்த சுற்று தொடங்கிவிடும்.

வெளியே வரும் புழுவைக் குச்சியில் சுற்றி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து எடுப்பதுதான் இன்றுவரை சிகிச்சை. வாரக்கணக்கில் ஆகும். இது உயிரை எடுப்பது அரிது. ஆனால், விதைக்கிற நேரத்தில் ஒரு விவசாயியைப் படுக்கையில் தள்ளிவிடும்.

இந்தியா எப்படித் தப்பித்தது?

தமிழ்நாடு உட்பட 7 மாநிலங்களில் இந்த நோய் இருந்தது. 1984-ல் நாடு முழுவதும் ஏறத்தாழ 40,000 பேருக்கு இருந்தது. படிக்கிணறுகளுக்குப் பதிலாகக் கைப்பம்பு, குடிநீரைத் துணியில் வடிகட்டுவது, குளங்களில் லார்வா கொல்லி மருந்து, புழு வெளிவரும் நிலையில் உள்ளவர்களை நீர்நிலையில் இறங்கவிடாமல் பார்த்துக்கொள்வது. அவ்வளவுதான் ஆயுதங்கள். 1996 ஜூலையில் ராஜஸ்தானின் ஜோத்பூர் மாவட்டத்தில் கடைசி நோயாளி பதிவானார். 2000-ல் இந்தியா இந்த நோய் இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டது.

இந்த மொத்தத் திட்டமும் ஓர் அடிப்படை நம்பிக்கையின் மேல் நின்றது. புழு பரவுவதற்கு மனிதர்கள் மட்டுமே காரணம், மனிதர்களிடம் தடுத்துவிட்டால் கதை முடிந்தது என்பதே அது.

சாட் நாட்டில் நடந்தது என்ன?

மத்திய ஆப்பிரிக்க நாடான சாடில் 10 ஆண்டுகளாக ஒரு நோயாளிகூடப் பதிவாகவில்லை. 2010-ல் திடீரென்று மீண்டும் தென்பட்டது. வழக்கமாக ஒரே குளத்துத் தண்ணீரைக் குடிக்கும் ஊரில் பலருக்கு ஒன்றாக வரும். சாடில் அப்படி இல்லை. அங்கே ஒருவர், இங்கே ஒருவர் என்று சிதறி வந்தது. 2012-ல் விடை கிடைக்கத் தொடங்கியது: ஷாரி ஆற்றங்கரை கிராமங்களில் நாய்களின் காலிலிருந்து புழு வெளியே வந்துகொண்டிருந்தது.

நாய்ப் புழு வேறு, மனிதப் புழு வேறு என்று தள்ளிவிட முடியவில்லை. மரபணு ஆய்வுகள் இரண்டும் ஒரே இனம்தான் என்று காட்டின. 2019-ல் சாடில் மட்டும் 1,900-க்கும் மேற்பட்ட நாய்களில் இது இருந்தது.

நாய்களுக்கு எப்படி வந்தது? ஆய்வாளர்கள் நாய்களின் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை கட்டி, அவை எங்கே போகின்றன என்று பார்த்தார்கள். மீசை முடியைப் பரிசோதித்து, என்ன தின்றன என்று கண்டுபிடித்தார்கள். மீனவர்கள் வீசும் சின்ன மீன்களும் மீன் குடலும் அந்த நாய்களின் முக்கிய உணவு என்று தெரிந்தது. மீன், தவளை வழியாகவும் லார்வா உடலுக்குள் போக முடியும் என்று ஆய்வகச் சோதனைகளும் காட்டின. அப்படியென்றால், தண்ணீரை வடிகட்டினால் மட்டும் போதாது.

அதனால் உத்தி மாறியது. மீன் குடலை மண்ணில் புதைக்கச் சொன்னார்கள். புழு உள்ள நாயைக் கட்டிவைத்து, தகவல் சொல்பவருக்குப் பரிசும் கொடுத்தார்கள். சாடில் நாய்களின் எண்ணிக்கை இப்போது சில நூறுகளாக இறங்கியிருக்கிறது. இது கிராமத்து மக்களின் உழைப்பு. காவலுக்கு வைத்திருக்கும் நாயை வாரக்கணக்கில் கட்டிப்போடுவது அவர்களுக்குச் சின்ன விஷயம் இல்லை.

இதில் நமக்கு என்ன பாடம்?

ஒழிப்பு இலக்கு 1995 என்று தொடங்கி, தள்ளித் தள்ளி இப்போது 2030-ல் நிற்கிறது. இந்தத் திட்டத்தை முன்னின்று நடத்திய அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர், தனக்கு முன்பே கடைசிப் புழு சாக வேண்டும் என்று விரும்பினார். 2024 டிசம்பரில் அவர் தன் 100-வது வயதில் காலமானார். புழு இன்னும் இருக்கிறது.

15 பேருக்காக இவ்வளவு செலவா என்று கேட்கத் தோன்றலாம். சாட்தான் அதற்குப் பதில். 10 ஆண்டுகள் பூச்சியம் காட்டிய நாட்டிலேயே நோய் திரும்பி வந்தது. கண்காணிப்பை இப்போது தளர்த்தினால், 40 ஆண்டு உழைப்பு வீணாகும்.

இன்னொரு பாடம் நம் தெருவிலேயே இருக்கிறது. ரேபிஸை எடுத்துக்கொள்ளுங்கள். மனிதர்களுக்கு வரும் ரேபிஸில் ஏறத்தாழ 99 சதவீதம் நாய்க்கடியால்தான். நாய்கள் மூலம் பரவும் ரேபிஸை 2030-க்குள் ஒழிப்பதாக இந்தியாவும் இலக்கு வைத்திருக்கிறது. கடிபட்டவருக்கு மருத்துவமனையில் ஊசி போடுவது ஓர் உயிரைக் காக்கும், கட்டாயம் வேண்டும். ஆனால், பரவலை நிறுத்த 70 சதவீத நாய்களுக்குத் தடுப்பூசி போட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது மருத்துவமனை வாசலில் நடக்கிற வேலை இல்லை. உள்ளாட்சியும் கால்நடைத் துறையும் தெருத் தெருவாகச் செய்ய வேண்டிய வேலை.

நம் அரசு அமைப்பில் மனித நோய்க்கு ஒரு துறை, கால்நடை நோய்க்கு இன்னொரு துறை, காட்டு விலங்குக்கு மூன்றாவது துறை. கிருமிக்கு அந்த எல்லைகள் தெரியாது. மூன்று துறைகளின் கணக்கும் ஒரே மேசைக்கு வருவதும், விலங்குகளைக் கண்காணிக்கத் தனியாக நிதி ஒதுக்குவதும் இனியும் தள்ளிப்போடக் கூடாதவை. மனிதர்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதை சாட் காட்டிவிட்டது.