சுளுக்கும் எஃகுத் தகடும்

கீரமங்கலம் சுற்றுவட்டாரத்தில் விடியுமுன் தோட்டத்திலிறங்கி மல்லிகையும் முல்லையும் பறிக்கும் பெண்களுக்கு இடுப்பிலோ கழுத்திலோ மணிக்கட்டிலோ வலியில்லாத நாள் அபூர்வம். குனிந்தபடியே பல மணி நேரம் விரலை ஆட்டினால் வலிக்காமல் என்ன செய்யும்? இதற்குக் கண்ணேறு என்று காரணம் சொல்லி வேப்பிலை அடிப்பதும், காலால் பிறந்தவனைத் தேடிப் பிடித்து மூன்று தரம் மிதிக்கச் சொல்லுவதும் நம்மவர்க்குப் பழக்கம். மிதித்தால் குணம் தெரிகின்றதே என்பார்கள். தெரியட்டும்! தலையால் பிறந்தவனையும் மிதிக்கச் சொல்லி வித்தியாசம் பார்த்தவர் உண்டா என்றுதான் கேட்கின்றோம்.

நீவுவதில் பயனே இல்லையென்று நாம் சொல்ல வரவில்லை. சித்த வைத்தியத்தில் தொக்கணம் என்று தட்டல், அழுத்தல், இழுத்தல், முறுக்கல் முதலாக ஒன்பது வகை கூறப்பட்டிருக்கின்றது. ஊரில் இந்த வேலையைக் கையால் செய்து வந்தவர் யார்? பெரும்பாலும் மருத்துவர் என்று பெயரைக் கொடுத்துவிட்டு, நாவிதனென்று திண்ணைக்குக் கீழே நிறுத்தப்பட்டவர்தானே? உடம்பைத் தொட்டு வலியைத் தணித்தவன் கீழ்ச்சாதி; எட்ட நின்று மந்திரம் முணுமுணுத்துத் தட்சணை வாங்கினவன் மேல்சாதி! இதைவிட வெட்கக்கேடு வேறென்ன வேண்டும்?

நிற்க, இப்பொழுது இயன்முறை மருத்துவர் சிலர் வளைந்த எஃகுத் தகடுகளால் தசையை வழித்து நீவுகின்றார்கள். சீனத்தில் குவாஷா என்று வெகுகாலமாக நடந்துவருவதும் இவ்வினமே. முழங்காலில் அடிபட்ட டேவிட் கிராஸ்டன் என்னும் அமெரிக்கரின் பெயரால் 1990-களில் இது பிரபலமாயிற்று. தசைக்குள்ளிருக்கும் முடிச்சைத் தகடு உடைக்கின்றதென்று விளம்பரம் செய்கின்றார்கள். வேப்பிலையைக் கேட்ட கேள்வியை எஃகையும் கேட்க வேண்டாமா? கேட்டிருக்கின்றார்கள். சிலருக்குச் சில நாட்கள் வலி குறைகின்றது, மூட்டு சற்றுத் தாராளமாக மடங்குகின்றது; ஆனால் கையால் நீவுவதைவிட இது மேலானதென்று உறுதிப்படவில்லை. முடிச்சு உடைந்ததற்குத் தக்க சாட்சியுமில்லை. தொடுவுணர்ச்சி நரம்பு வழியே எட்டி வலியைச் சிறிது அமர்த்துகின்றது என்பதே பொருத்தமான விளக்கமாகத் தோன்றுகின்றது. பளபளப்பைக் கண்டு மயங்குவதும் ஒருவகைப் பக்திதான்.

2020-இல் உலகத்தில் 61 கோடியே 90 லட்சம் பேர் இடுப்புவலியால் வாடினார்கள் என்று கணக்கிட்டிருக்கின்றார்கள். நாள்பட்ட இடுப்புவலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட யோசனைகளில் உடற்பயிற்சியும் வலியைப் பற்றிய அறிவும் இடம் பெற்றன, நீவுதலுக்கும் இடமுண்டு. இடுப்புக்கச்சை வேண்டாமென்று அதிலேயே சொல்லப்பட்டிருக்கின்றது. நம் கடைகளிலோ அதுதான் அதிகமாகத் தொங்குகின்றது!

நம் மாகாணத்தில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டிற்கே வந்து செய்யும் இயன்முறைச் சிகிச்சையும் சேர்க்கப்பட்டது. கேட்டுப் பெறுவதில் கூச்சமென்ன? தகடு வைப்பவரிடம் போனாலும், எத்தனை வாரம், எவ்வளவு செலவு, வீட்டில் செய்யவேண்டிய பயிற்சி எது என்று தோழர்கள் கேட்கவேண்டும். பயிற்சியே சொல்லாமல் வாராவாரம் வரச்சொன்னால் அவரும் பூசாரியே. பூ வாடிப்போகும் என்று அவசரப்படுத்தும் தோட்டக்காரரும், மணிக்கொரு தரம் நிமிர்ந்து நிற்க விட்டால் ஒன்றும் நஷ்டப்பட்டுவிட மாட்டார்.

காலில் மரத்துப்போதல், சிறுநீர் அடக்கமுடியாமை, வலியோடு காய்ச்சல், கீழே விழுந்தபின் வீக்கம் இவைகள் கண்டால் மிதிக்கவும் வேண்டாம், வழிக்கவும் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகின்றவர்கள், தகடு தோலில் படுமுன் அதைச் சொல்லிவிட வேண்டும்.