வெயில் இலவசம், மின்சாரம் இலவசமன்று

சூரிய ஒளி மின்சாரம் குறித்து நம்மவரிடையே உலவும் கருத்துகளைக் கேட்கும்போது வியப்பும் வருத்தமும் ஒருங்கே தோன்றுகின்றன. தேக்கா உணவங்காடியில் தேநீர் அருந்துவோர் முதல் பட்டம் பெற்றுப் பெரும்பணியில் இருப்போர் வரை பலரும் சொல்வது இதுதான்: "எங்கள் புளோக் கூரையில் தகடு பொருத்திவிட்டார்கள். வெயில் இலவசம். ஆனால் எங்கள் மின்கட்டணம் குறையவே இல்லை. யாரோ ஏமாற்றுகிறார்கள்."

இக்குற்றச்சாட்டு பிழையானது. முதலில், அத்தகடுகள் யாருடையவை? வீவக கட்டடங்களில் இன்று காணும் தகடுகளுள் பெரும்பாலானவை 2014இல் தொடங்கிய சோலார்நோவா திட்டத்தின்வழி வந்தவை. அவற்றை வாங்குவோரும் பொருத்துவோரும் பராமரிப்போரும் தனியார் நிறுவனத்தார். முதலும் அவர்களுடையது; உடைமையும் அவர்களுடையது. கிடைக்கும் மின்சாரத்தை நகர மன்றம் சலுகை விலையில் வாங்கி, மின்தூக்கி, நீரேற்றும் பம்பு, பொது விளக்குகள் ஆகியவற்றுக்குப் பயன்படுத்துகிறது. எஞ்சியது பொது மின்கட்டமைப்புக்குச் செல்கிறது. நம் வீட்டு மின்மானிக்கும் அத்தகடுகளுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. பலன் உண்டு, அது நகர மன்றத்தின் செலவுக் கணக்கில் உண்டு. வீட்டு ரசீதில் அதைத் தேடுவது, பக்கத்து வகுப்பின் வருகைப் பதிவேட்டில் நம் பிள்ளையின் பெயரைத் தேடுவதற்கு ஒப்பாகும்.

இப்பிழைக்குத் தமிழகத்திலிருந்து வரும் தொலைபேசி உரையாடல்களும் ஒரு காரணம். "மாடியில் தகடு போட்டேன், பில்லே வரவில்லை" என்பார் ஊரிலுள்ள மாமா. அவர் சொல்வது மெய்யாக இருக்கலாம். தனி வீடு, தனி மொட்டை மாடி, சொந்தப் பணம். இந்திய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கிய திட்டத்தின் பெயரிலேயே 'இலவச மின்சாரம்' என்ற சொற்கள் இருக்கின்றன. ஆயினும் அத்திட்டம் ஒரு வீட்டுக்குத் தருவது அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம்தான். எஞ்சிய விலையை வீட்டுக்காரரே ஏற்கவேண்டும். அங்கேயும் இலவசம் என்பது பெயரளவில்தான்.

இங்கோ பலநூறு வீடுகளுக்குக் கூரை ஒன்றே. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு குடும்பம் மாதம் 350 கிலோவாட் மணி மின்சாரம் செலவழிப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 4,200. சிங்கப்பூர் வெயிலில் ஒரு கிலோவாட் திறனுள்ள தகடுகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 கிலோவாட் மணி தரும். அவற்றுக்கு ஏறத்தாழ 5 சதுர மீட்டர் இடம் வேண்டும். ஆக, ஒரு குடும்பத்துக்கு 17.5 சதுர மீட்டர். 2009இல் கட்டிமுடிக்கப்பட்ட பினாக்கல்@டக்ஸ்டனில் 50 மாடி புளோக்குகள் ஏழு, வீடுகள் 1,848. ஒரு புளோக்குக்கு 264 வீடுகள் என்றால் வேண்டிய கூரை 4,620 சதுர மீட்டர். மூன்று ஒலிம்பிக் நீச்சல் குளங்களைவிடப் பெரிய பரப்பு அது! ஒரு புளோக்கின் உச்சியில் அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது?

"நாம் நிலநடுக்கோட்டருகே இருக்கிறோமே, சூடு அதிகமாயிற்றே" என்பது அடுத்த வாதம். சூரியத் தகடு வெப்பத்தை மின்சாரமாக்குவதில்லை, ஒளியையே மின்சாரமாக்குகிறது. சூடு அதற்குப் பகை. தகட்டின் வெப்பம் 25 பாகை செல்சியசுக்கு மேல் ஏற ஏற, ஒவ்வொரு பாகைக்கும் அதன் திறன் ஏறத்தாழ 0.3 முதல் 0.4 விழுக்காடு வரை குறையும். மாணவர் கட்டுரைகளில் 'சூரிய வெப்பத்திலிருந்து மின்சாரம்' என்ற தொடரை ஆண்டுதோறும் திருத்தி வருகிறேன். வீட்டில் கேட்டதைத்தானே பிள்ளைகள் எழுதுவார்கள்? நம்மைவிட வெயில் குறைந்த ஜெர்மனி, தன் மின்சாரத்தில் பத்து விழுக்காட்டுக்கு மேல் சூரிய ஒளியிலிருந்து பெறுகிறது. நமக்குக் குறை வெயிலன்று, இடம்.

தரைவீட்டில் வாழ்வோரிடமும் இரு மயக்கங்கள் உண்டு. மின்தடை வந்தாலும் தம் வீட்டில் விளக்கு எரியும் என நம்புகின்றனர். மின்கட்டமைப்புடன் இணைந்த சாதாரண அமைப்பு, மின்தடையின்போது தானே நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் தொழிலாளரின் உயிரைக் காக்கவே அந்த ஏற்பாடு. விளக்கு எரிய மின்கலமும் அதற்குரிய தனிக் கருவியும் வேண்டும். மிஞ்சிய மின்சாரத்தை வாங்கிய விலைக்கே விற்கலாம் என்பது மற்றொன்று. வழக்கமான கட்டணத்தில் மின்சாரம் வாங்கும் வீட்டுக்கு, அக்கட்டணத்திலிருந்து மின்கட்டமைப்புக் கட்டணத்தைக் கழித்த தொகையே வரவு வைக்கப்படும்.

"அப்படியானால் இதெல்லாம் வீண்தானே?" என்று மறுகோடிக்குத் தாவுவோரையும் நான் ஏற்கவில்லை. நம் மின்சாரத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. அது முழுவதும் வெளிநாட்டுச் சரக்கு. 2022இல் உக்ரேன் போருக்குப் பின் எரிவாயு விலை ஏறியபோது நம் மின்கட்டணமும் ஏறியதை மறந்துவிட்டோமா? தகடு தரும் ஒவ்வோர் அலகும் எரிக்காமல் மிச்சம்பிடித்த எரிவாயு. தெங்கே நீர்த்தேக்கத்தின்மேல் 2021இல் திறக்கப்பட்ட 60 மெகாவாட் மிதவை நிலையத்தில் 122,000 தகடுகள் உள்ளன. நிலம் இல்லாத நாடு நீரின்மேல் இடம் தேடிக்கொண்டது. இதையா வீண் என்பது?

பொதுமக்களை மட்டும் குறைகூறுவது நேர்மையாகாது. 2030க்குள் 2 கிகாவாட் என்ற இலக்கை 2021இல் விளக்கியபோது, அது 350,000 குடும்பங்களின் ஓராண்டுத் தேவைக்கு ஈடானது என்றார்கள். அது நாட்டின் எதிர்பார்க்கப்படும் மின்தேவையில் ஏறத்தாழ 3 விழுக்காடு என்றும் சொன்னார்கள். இரண்டும் உண்மையே. ஆனால் மக்கள் மனத்தில் நின்றது முதலாவதுதான். 'இத்தனை குடும்பங்களுக்கு' என்று சொன்னால், 'அந்தக் குடும்பங்களுள் என் குடும்பம் உண்டா?' என்றுதான் எவரும் கேட்பர்.

ஆகவே நகர மன்றங்களுக்கு ஒரு வேண்டுகோள். தகடு பொருத்திய ஒவ்வொரு புளோக்கிலும், மின்தூக்கி அருகிலுள்ள அறிவிப்புப் பலகையில், இம்மாதம் இக்கூரை தந்த மின்சாரம் எவ்வளவு, பொதுப் பயன்பாட்டுக்குச் சென்றது எவ்வளவு, மிச்சமான செலவு எவ்வளவு என்று நான்கு மொழிகளிலும் ஒட்டுங்கள். நம்மவர்க்கும் ஒரு வேண்டுகோள். அந்த எண்களைப் படித்து, வீட்டுப் பிள்ளைகளோடு தமிழிலேயே கணக்கிட்டுப் பாருங்கள். ஏமாற்றுகிறார்கள் என்று எவரையேனும் பழிப்பதானால், அதற்குப் பிறகு பழியுங்கள்.